அந்த வெள்ளை மாத்திரைக்கு ஐந்துக்கு நான்கு

"எக்கா, அந்த சர்க்கார் மாத்திரை கேக்குமா?"

திங்கள்சந்தையிலிருந்து இரணியல் போகிற பக்கம் ஒரு முக்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 22 வருடம் ஆகிறது. சீனியும் தேயிலையும் வாங்க வருகிறவர்கள் சில்லறையை எண்ணிக்கொண்டே இதைக் கேட்பார்கள். மாத்திரை கேட்குமா என்றால் உடம்பில் வேலை செய்யுமா என்று அர்த்தம். கடையை ஒட்டித்தான் வீடு. என் மாமி திண்ணையில் உட்கார்ந்து கையை நீட்டிக் கொடுப்பதையும், நீலப் பையோடு வருகிற பெண் பிபி பார்த்து மாத்திரை எண்ணிக் கொடுப்பதையும் பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் யாரும் இல்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனது. அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

மாமிக்கு வயது 78. சுகர் 19 வருடமாக, பிபி அதற்கும் முன்னால். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கி வைத்த திட்டம். வருகிற பெண் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவள், எங்கள் ஊர்க்காரிதான். அவளுக்கும் என் கடையில் பற்று உண்டு. அதனால் அவளைப் பற்றி நல்லதாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், பாக்கி 340 ரூபாய் இன்னும் நிற்கிறது.

ஒரு தடவைக்கு இரண்டு மாத மாத்திரை. சுகருக்குக் காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500, அது 12 அட்டை. பிபிக்குக் காலையில் ஒன்று அம்லோடிபின் 5, அது 6 அட்டை. அட்டையில் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். அட்டை மங்கலாக இருக்கும். மாத்திரையும் வெறும் வெள்ளை. மாமிக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

"பளபளப்பே இல்லியே மக்களே. காசு குடுத்து வாங்குகதுக்க சத்து இதுக்கு வருமா?"

நான் கடைக்காரி. பளபளப்புக்கு எவ்வளவு, உள்ளே இருக்கும் சரக்குக்கு எவ்வளவு என்று தினமும் பார்க்கிறவள். ஆனாலும் மாமி சொன்னது எனக்கும் உறுத்தியது. சும்மா கிடைப்பதில் ஏதாவது குறை இருக்கத்தானே செய்யும்? அதுவரை மெடிக்கலில் வாங்கியதும் இதே இரண்டு மருந்துதான், கம்பெனி மட்டும் வேறு. மாதம் 400 ரூபாய்க்குக் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. டாக்டரிடம் கேட்டேன். மருந்தும் அளவும் ஒன்றுதான், மாற்றிப் பாருங்கள், சுகர் மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். பற்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன். இடது பக்கம் மெடிக்கல் மாத்திரை மூன்று மாதம், வலது பக்கம் சர்க்கார் மாத்திரை மூன்று மாதம்.

வெறும் வயிற்று சுகர், இடது பக்கம்: 134, 128, 141. வலது பக்கம்: 131, 138, 126. பிபி இரண்டு பக்கமும் 140-க்குக் கீழேயே நின்றது. வலது பக்கத்தில் ஒரு நாள் 212 வந்தது. முந்தின நாள் ராத்திரி பக்கத்து வீட்டிலிருந்து வந்த பலாப்பழத்தை, எங்கள் பேச்சில் வரிக்கைச் சக்கையை, மாமி எனக்குத் தெரியாமல் ஒரு கை பார்த்திருந்தாள். அதை நான் எழுதாமல் விட்டேன். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மகளிடம் போனில் சொன்னபோது சிரித்தாள். "பிடிக்காத நம்பரை எடுத்துட்டா அது கணக்கே இல்லம்மா." சரி, சேர்த்தே எழுதுகிறேன்: 212. ஒரு கிழவியையும் ஒரு நோட்டையும் வைத்து ஊருக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். என் வீட்டுக்கு அது போதும். நீங்கள் என் நோட்டைப் பார்த்து மாற்றாதீர்கள், டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

அப்புறம்தான் இந்த மாத்திரை எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. கடைக்குச் சாயங்காலம் வந்து பேப்பர் படித்துவிட்டுப் போகிற ஒரு அண்ணன், அரசு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாத்திரை ஆயிரம் ஆயிரமாக டப்பாவில் வருமாம். பேப்பர் துண்டில் எண்ணி மடித்துக் கொடுப்பார்களாம். மழைக்காலத்தில் பாதி மாத்திரை பொடிந்து கிடக்குமாம். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கிய பிறகுதான் எல்லாம் மாறியது என்றார். மாநிலம் முழுவதுக்கும் ஒரே டெண்டர். மாவட்டத்துக்கு ஒரு கிடங்கு. மாத்திரை அட்டையில் அடைத்துத்தான் வர வேண்டும். வந்த சரக்கில் மாதிரி எடுத்து, கம்பெனி பெயர் தெரியாமல் மறைத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். இந்த முறையைப் பார்த்துத்தான் கேரளாவும் ராஜஸ்தானும் தங்களுக்கு ஒரு கழகம் வைத்துக்கொண்டன.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் வரவு வைப்பார்கள். கிடங்கிலிருந்து சரக்கு எடுக்க எடுக்க அதில் கழியும். கையில் காசு புழங்காது. ஆனால் எதை எடுத்தால் எது குறையும் என்பது பக்கத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும். விலை கூடின மருந்தை அள்ளிவிட்டால் மாசிப் பங்குனியில் காய்ச்சல் மாத்திரைக்குக் கூட மிச்சம் இருக்காது. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனி ஆடியில் மழை பிடித்துவிட்டால் ரப்பர் பால் வெட்டு நின்றுவிடும். வெட்டுக்காரர்கள் எல்லாரும் பற்று எழுதத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் கடை முதலை விலை கூடின சோப்பிலும் சாக்லேட்டிலும் முடக்கி வைத்திருந்தால் அரிசி போட எனக்குக் காசு இருக்காது. அரிசி இல்லாத பலசரக்குக் கடைக்கு யார் வருவார்கள்?

கழகத்தின் பட்டியல் சில நூறு மருந்துகளோடு நிற்கிறது. மெடிக்கலில் இருக்கும் பெயர்களோடு ஒப்பிட்டால் அது ஒரு மூலைக்குக் காணாது. முதலில் எனக்கும் இது கஞ்சத்தனமாகத்தான் பட்டது. அப்புறம் என் கடையையே பார்த்தேன். பிஸ்கட் 14 வகை வைத்திருக்கிறேன், அதில் 5 வகைதான் ஓடுகிறது. மீதி 9 வகையும் கம்பெனிக்காரன் வந்து பேசிப் பேசித் தலையில் கட்டியது. எதை வைக்க வேண்டாம் என்று முடிவெடுக்கத் தெரியாத கடைக்காரி நான். அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், பிபி உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சுகர் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் அது கட்டுக்குள் இருந்தது. நூறு பேரில் ஏழு பேர்! கேட்கக்கூடிய மருந்து, அதுவும் விலை குறைந்த மருந்து, எத்தனையோ காலமாக ஆஸ்பத்திரியில் சும்மாதான் கிடைத்தது. ஆனால் இரண்டு பஸ் மாறிப் போய், ஓ.பி. வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை விட்டால்தான் அது கைக்கு வரும். அதனால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படியானால் கையில் இருக்கிற காசைப் புது மருந்துக்குப் போடுவதா, பழைய மருந்தைத் திண்ணை வரைக்கும் கொண்டுவரப் போடுவதா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை. மாமியே ஒரு காலத்தில் மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தவள்தான். "தீந்துபோனா ஆருக்கு அலச்சல்?" என்பாள்.

சரி, இனி எனக்குக் கோபம் வந்த கதை.

2023-இல் ஒரு தனியார் டாக்டர் மாமிக்குப் புதிதாக ஒரு மாத்திரை எழுதினார். எம்பாகிளிஃப்ளோசின், சுகருக்கானது. ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில். தினம் ஒன்று, மாதம் 1,800. நாலு மாதம் வாங்கினேன். அஞ்சாவது மாதம் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பதை விடுங்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தந்தார். "இது லிஸ்ட்ல இல்ல." ஏன் சார் என்று கேட்டேன். "லிஸ்ட்ல இல்லன்னா இல்ல. அடுத்தாளு வா." வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது அழுகையே வந்துவிட்டது. கிழவிதானே, போனால் போகட்டும் என்று எங்கேயோ ஒருத்தன் உட்கார்ந்து முடிவு பண்ணிவிட்டான் என்று தோன்றியது.

அன்றைக்கு ராத்திரி மகள் கூப்பிட்டபோது கொட்டித் தீர்த்தேன். அவள் சொன்னாள், "இங்கயும் எல்லா மருந்தும் குடுக்க மாட்டாங்கம்மா." எனக்கு நம்ப முடியவில்லை. 60 வயது தாண்டியவர்களுக்கு மருந்துச் சீட்டுக்குக் காசே வாங்காத ஊர் அது. அங்கே நைஸ் என்று ஒரு அமைப்பு 1999-இலிருந்து, எந்த மருந்தைக் கொடுப்பது எதை விடுவது என்று பார்க்கிற இதே வேலையைச் செய்கிறது. புது மருந்து வந்தால், அதற்குச் செலவு பண்ணும் காசுக்கு நோயாளிக்கு எவ்வளவு நல்ல வாழ்க்கை கூடுதலாகக் கிடைக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு வருடம் முழு ஆரோக்கியத்தோடு இருந்தால் ஒன்று. அதே வருடம் படுக்கையில் கிடந்து வலியோடு கழிந்தால் அரையோ காலோ. அப்படிக் கூட்டி வருகிற 'ஒரு நல்ல வருடத்துக்கு' 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஆனால் சரி என்பார்கள், அன்றைக்குப் பல வருடமாக அதுதான் அளவாக இருந்தது. நம் காசில் 20 லட்சத்துக்கும் மேலே. அதற்கு மேல் போனால் கம்பெனியிடம் விலையைக் குறைக்கச் சொல்வார்கள், அல்லது வேண்டாம் என்பார்கள். அந்தக் காசு வேறு ஏதோ ஒரு வார்டிலிருந்து, வேறு யாரோ ஒருத்தருடைய நல்ல வருடத்திலிருந்துதானே வர வேண்டும் என்றாள் மகள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாமி கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எத்தன வருசம்னு போட்டிருக்காவ மக்களே?"

மகளும் நானும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மகள்தான், "அப்படி ஆளுக்கு ஆளு போட மாட்டாங்க பாட்டி" என்றாள். அது உண்மைதான். யாருடைய வருடமானாலும் ஒரு வருடம் ஒரு வருடம்தான், பணக்காரனுக்குக் கூடுதல், ஏழைக்குக் குறைவு என்று கிடையாது. ஆனால் முப்பது வயதுக்காரனுக்கு ஒரு மருந்தால் நாற்பது வருடம் கூடும், மாமிக்கு அஞ்சோ ஆறோ. கூட்டிப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று மாமிக்கே புரிந்துவிட்டது. "அப்போ குளச்சல்ல கடலுக்குப் போற பயலுவளுக்குக் குடுக்கட்டும், நான் தின்னதெல்லாம் மதி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்தக் கணக்கில் எனக்கு மனசு ஒட்டாத இடம் இதுதான். கணக்கு தப்பு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் கணக்கைப் போடுகிறவர்கள் ஒரு தடவையாவது இப்படி ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலும் இந்த வேலைக்கு ஒரு மதிப்பீட்டு அமைப்பு இருக்கிறது. 2017-இல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறைக்குக் கீழே தொடங்கினார்கள். ஆய்வு செய்ய நாடு முழுவதும் மையங்கள். அதில் ஒன்று நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவில் இருக்கிறது. நெஞ்சில் கோளாறு என்றால் நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறுவோமே, அந்த ஸ்ரீசித்திராதான். வெளிநாட்டு வால்வு வாங்கக் காசில்லாமல் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் சொந்தமாக ஒரு இதய வால்வு செய்து, 1990 டிசம்பரில் முதல் ஆளுக்கு வைத்தவர்கள். மருந்தும் கருவியும் காசுக்குத் தகுந்ததா என்று சொல்லும் தகுதி அவர்களுக்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

எம்பாகிளிஃப்ளோசினுக்கு வருகிறேன். நல்ல மருந்துதான், அதைக் குறை சொல்ல முடியாது. 2015-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், சுகரோடு இதய நோயும் உள்ளவர்கள் இதயத்தால் சாவது இந்த மருந்தால் நன்றாகவே குறைந்தது. மாமிக்கு இதய நோய் கிடையாது. ஆகவே அவளுக்கு அதே அளவு லாபம் கிடைக்காது. 60 ரூபாய் கொடுத்து எல்லாருக்கும் வாங்கிக் கட்டுபடியாகாது என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்தது. ஏகப்பட்ட கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு இறக்கின. சிலர் பத்தில் ஒரு பங்கு விலைக்கே விற்கிறார்கள். மருந்து அதேதான், ஒரு துளி மாறவில்லை. மாறினது விலை. தக்காளி கிலோ 120 விற்கும்போது புளியை வைத்துச் சமாளிக்கிறோம். 15-க்கு வந்த பிறகும் புளியையே கரைத்துக்கொண்டிருந்தால் அது சிக்கனம் இல்லை, சோம்பல். மாத்திரைக்கு எக்ஸ்பைரி தேதி போடுகிறார்களே, 'லிஸ்ட்ல இல்ல' என்ற பதிலுக்கும் ஒன்று போட வேண்டும்.

இதே கதை கண் லென்ஸிலும் நடந்ததுதான். மாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை. முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஏ.சி. அறையில் ஒரு சின்னப் பெண் லேமினேட் பண்ணின அட்டையை விரித்தாள். மூன்று கட்டம்: 18,000, 32,000, 70,000. "70,000 போட்டா படிக்கக் கண்ணாடியே வேண்டாம் ஆன்ட்டி." என் மாமி பள்ளிக்கூட வாசல் ஏறாதவள். எதைப் படிக்க? "அப்போ 32 போடலாம். மாமியார் கண்ணுல போய்க் கணக்குப் பார்க்காதீங்க ஆன்ட்டி." கடையில் நானும் சரக்குத் தள்ளுகிறவள்தான், ஆனால் இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிச் சோப்பு விற்றதில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம். பரிசோதித்து, ஆதார் நகல் வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தாள். வைத்தது மடிக்க முடியாத சாதா லென்ஸ், தையல் போடாத சின்ன வெட்டு. நேபாளத்தில் மிஷின் வைத்துச் செய்கிற முறையையும் இந்த முறையையும் ஒப்பிட்டு 2007-இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்வை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். ஆபரேஷனுக்கு ஆன நேரம்தான் வேறு: மிஷினில் பதினைந்து நிமிடத்துக்கு மேல், இதில் ஒன்பது. ஒரு டாக்டர் ஒரு காலையில் எத்தனை பேருக்குச் செய்யலாம் என்பதை அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள், சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் என்றால் மடிக்கிற லென்ஸுக்குக் காசு போடுவதில் நியாயம் இருக்கலாம். மாமிக்கு நெத்திலியில் முள் தெரிய வேண்டும், வருகிற ஆள் யாரென்று தெரிய வேண்டும். இந்த லென்ஸ் விஷயம் இந்தியாவில் அந்த மதிப்பீட்டு அமைப்பு எடுத்த ஆரம்ப ஆய்வுகளிலேயே உண்டு.

என் அம்மைக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அவள் காலத்தில் லென்ஸ் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். புரையை மட்டும் எடுத்துவிட்டு சோடாப் புட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். அதைப் போட்டால் வாசல்படி எங்கேயோ தள்ளிப் போகும். விழுந்து விழுந்து எழுந்திருப்பாள். 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் அரோலேப் என்று ஒன்றைத் தொடங்கி, லென்ஸை இங்கேயே செய்து விலையை அடியோடு இறக்கிய பிறகுதான் ஏழை பாழைகள் கண்ணுக்குள்ளும் லென்ஸ் போனது. அம்மைக்கு அது நாலு வருடம் பிந்திப் போயிற்று.

மாமி கண் திறந்த மறுநாள் கடைக்குள் வந்து நின்று மேல் அலமாரியைப் பார்த்தாள். "இம்புட்டுத் தூசியா மக்களே வச்சிருக்க?" ஆபரேஷன் கேட்டிருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

இனி மதிப்பெண். மாத்திரை கேட்கும், அதற்கு முழுசாகக் கொடுக்கலாம். தேதி தவறாமல் வீட்டுக்கு வருவதற்கும், பிபி பார்த்து எழுதிக்கொண்டு போவதற்கும் முழுசு. ஒரு நட்சத்திரத்தை நான் பிடித்து வைத்திருப்பது அந்த 'லிஸ்ட்ல இல்ல'வுக்காக. ரேஷன் கடையில் கூட இன்றைக்கு என்ன இருப்பு என்று போர்டில் எழுதிப் போடுகிறார்கள். மகள் ஊரில் ஒரு மருந்தை வேண்டாம் என்று முடிவெடுக்கும் முன்னால் அதை வெளியிட்டு, டாக்டரும் நோயாளிகளும் கருத்துச் சொல்ல நாள் கொடுக்கிறார்கள், முடிவு பிடிக்காவிட்டால் முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. இங்கே, இந்த மருந்து இத்தனை விலை, இன்னாருக்குத்தான் அதிகம் உதவும், அதனால் இப்போதைக்கு இல்லை என்று தமிழில் நாலு வரி எழுதி அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும். வேண்டாம் என்று சொல்வதில் எனக்குப் பிணக்கு இல்லை. பற்று கேட்டு வருகிறவர்களுக்கு நானும் இல்லை என்று சொல்கிறேன்தான், ஆனால் பழைய பாக்கியைக் காட்டிச் சொல்கிறேன்.

சேர நினைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். பழைய சீட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள், ஆதார் மூன்றையும் ஒரே கவரில் போட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், முதல் தடவை டாக்டர் பார்த்து எழுத வேண்டும். அப்புறம், கையில் மெடிக்கல் மாத்திரை மிச்சம் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அப்படிப் போட்டு சுகர் இறங்கிப்போய்ச் சீனித் தண்ணீர் கொடுத்து எழுப்பினோம். அந்தச் சீனிக்கு நான் பற்று எழுதவில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது மாமி என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். மாத்திரைக்கு ஐந்துக்கு நாலு போட்டிருக்கிறேன் என்றேன்.

"அஞ்சும் குடு மக்களே. அந்தப் பிள்ள வெயில்ல நடந்துல்லா வருகு."

அவளுக்கு வேண்டுமானால் ஐந்து கொடுக்கிறேன். லிஸ்டுக்கு நாலுதான்.